சோனி ஐசிஎஃப்-2010: பெட்டியைத் திருத்துவதா, வீட்டைத் திருத்துவதா?

பழைய சிற்றலை வானொலி வாங்குகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பெட்டி கைக்கு வந்த அன்றைக்கே ஸ்க்ரூடிரைவரைத் தேடுவார்கள். எனக்கும் அது உண்டு. 2011-ல் ஆன்சைட் வேலையாக அமெரிக்காவில் இருந்தபோது, நியூஜெர்சியில் ஹாம் ரேடியோக்காரர்கள் கூடி விற்று வாங்கும் ஒரு சந்தையில் சோனி ஐசிஎஃப்-2010 ஒன்றை வாங்கினேன். சென்னைக்குக் கொண்டுவந்து, கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றி, ஒருமுறை கெடுத்து, எட்டு மாதம் மூடி வைத்து, பிறகு சரிசெய்து, இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் பெட்டியில் என்னென்ன மாற்றங்கள் செய்யலாம் என்று ஒரு பட்டியல் பல வருஷமாகக் கைமாறி வருகிறது. டயோடு போடு, ஃபில்டரை மாற்று, கெப்பாசிட்டர்களை மாற்று, முன்னால் ஒரு பெருக்கி வை. யாரைக் கேட்டாலும் இதே நாலு விஷயத்தைத்தான் சொல்வார்கள். அந்தப் பட்டியலைத்தான் இங்கே விமர்சனம் பண்ணப் போகிறேன். என் கட்சி இது: பட்டியல் பொய் சொல்லவில்லை. ஆனால் அது வேறொரு காலத்துக்கும் வேறொரு ஊருக்கும் எழுதப்பட்டது. அதை அப்படியே எடுத்து இன்றைக்குச் சென்னையில் செய்கிறவர், நோய் என்ன என்று பார்க்காமலே மருந்து சாப்பிடுகிறார். நான் சாப்பிட்டேன். அதனால்தான் சொல்கிறேன்.

முதலில் பெட்டியைப் பற்றி

1985-ல் வந்த பெட்டி இது. வட அமெரிக்காவில் ஐசிஎஃப்-2010, மற்ற நாடுகளில் ஐசிஎஃப்-2001டி. பெயர்தான் வேறு, சரக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான். 150 கிலோஹெர்ட்ஸில் ஆரம்பித்து 30 மெகாஹெர்ட்ஸ் வரை இடைவெளி இல்லாமல் கேட்கலாம்; எஃப்எம் உண்டு, விமானிகள் பேசிக்கொள்ளும் ஏர்பேண்ட் உண்டு. முன்பக்கம் 32 நினைவுப் பொத்தான்கள், ஒரு பொத்தானுக்கு ஒரு நிலையம். சக்கரத்தைத் திருப்பினால் 100 ஹெர்ட்ஸ் படிகளில் நகரும். சிக்னல் பலத்தைக் காட்ட 10 சின்ன எல்இடிகள் வரிசையாக. மூன்று பெரிய டி செல் போடவேண்டும். அதோடு கடிகாரத்துக்கும் உள்ளே இருக்கும் மைக்ரோகம்ப்யூட்டருக்கும் தனியாக இரண்டு ஏஏ செல்.

அந்த இரண்டு ஏஏ செல்லைப் பற்றி ஒரு வார்த்தை. அவை இல்லாவிட்டால், அடாப்டர் மாட்டினாலும் பெட்டி வேலை செய்யாது. திரையில் எரர் 3 என்று வந்து நிற்கும். செத்துப் போச்சு என்று விற்கப்படும் 2010 எதையாவது பார்த்தால் முதலில் ஏஏ செல் போட்டுப் பாருங்கள். எந்த மாற்றத்தையும் விட மலிவான ரிப்பேர் அதுதான்.

இந்தப் பெட்டியின் உயிர் என்று நான் சொல்வது, ஒத்திசைவு டிடெக்டர். அது என்ன செய்கிறது என்று புரிந்தால்தான் மற்றதை விமர்சிக்க முடியும். ஏஎம் ஒலிபரப்பில் நடுவில் ஓர் ஊர்தி அலை, அதன் இரண்டு பக்கமும் இரண்டு பக்கப்பட்டைகள். பேச்சும் பாட்டும் பக்கப்பட்டைகளில் இருக்கின்றன, இரண்டிலும் ஒரே விஷயம்தான். ஊர்தி அலையில் தகவல் ஒன்றும் இல்லை. ஆனால் சாதாரண டிடெக்டருக்கு அது ஆதாரமாக வேண்டும். கச்சேரியில் தம்புரா மாதிரி. சிற்றலை அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வரும்போது, சில நொடிகளுக்கு ஊர்தி அலை மட்டும் மங்கிவிடும், பக்கப்பட்டைகள் அப்படியே இருக்கும். தம்புரா நின்றுபோய்ப் பாட்டு மட்டும் ஒலிப்பது போல. அப்போதுதான் சிற்றலைக்கே உரிய அந்த உடைந்த, கரகரத்த குரல் வரும்.

ஒத்திசைவு டிடெக்டர் என்ன பண்ணுகிறது? வருகிற ஊர்தி அலையைப் பார்த்து, அதே சுருதியில் தானே ஒரு அலையை உள்ளே உருவாக்கி வைத்துக்கொள்கிறது. வெளியே தம்புரா மங்கினாலும் உள்ளே சுருதிப்பெட்டி ஓடிக்கொண்டே இருக்கும். குரல் உடையாது. இன்னொரு வசதியும் உண்டு. மேல் பக்கப்பட்டை, கீழ் பக்கப்பட்டை, இரண்டில் எது சுத்தமாக இருக்கிறதோ அதை மட்டும் கேட்கலாம். பக்கத்து நிலையம் மேலே இருந்து இடித்தால் கீழே போய்விடலாம். 1985-ல் தூக்கிச் செல்லும் பெட்டியில் இது பெரிய விஷயம். இன்றைக்கும் பல பெட்டிகளில் இது கிடையாது, இருந்தாலும் இவ்வளவு உறுதியாகப் பிடித்து நிற்பதில்லை.

இப்போது பட்டியலுக்கு வருவோம்.

டயோடு

பட்டியலில் முதலில் வருவது பாதுகாப்பு டயோடு. 2010-ன் ஆன்டெனா உள்ளே நுழைந்ததும் சந்திப்பது ஒரு எஃப்இடி. க்யூ303 என்று அதற்கு எண், 2எஸ்கே152 வகை. நிலைமின்சாரம் பாய்ந்தால் இது போய்விடும் என்பது இந்தப் பெட்டி வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த பலவீனம். போய்விட்டால் பெட்டி சாகாது, காது மந்தமாகிவிடும். எஃப்எம் நன்றாகக் கேட்கும், சிற்றலையில் பலமான நிலையங்கள் மட்டும் லேசாகக் கேட்கும். அதைத் தடுக்க ஆன்டெனாவுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே எதிரெதிராக இரண்டு டயோடுகள் போடச் சொல்கிறார்கள்.

காரணம் நியாயமானது. ஆனால் பாருங்கள், இந்த எச்சரிக்கை எங்கே பிறந்தது? குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடி, காற்று காய்ந்து, கம்பளத்தில் நடந்து கதவுக் குமிழைத் தொட்டாலே சுளீரென்று பொறி பறக்கும் ஊர்களில். நியூஜெர்சியில் ஜனவரி மாதம் எனக்கே தினமும் நடந்தது. சென்னையில் வருஷம் முழுக்க காற்றில் ஈரம். இங்கே கையிலிருந்து பாயும் நிலைமின்சாரம் அபூர்வம். நமக்கு ஆபத்து ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. மொட்டை மாடியில் நீளக் கம்பி கட்டிவிட்டு, இடி மின்னலில் அதைக் கழற்ற மறந்தால். பக்கத்தில் எங்கேயோ விழுகிற மின்னல் தூண்டும் அழுத்தத்துக்கு, இரண்டு சின்ன 1என்4148 டயோடுகள் காவல் நிற்கும் என்று நம்பிக் கம்பியை விட்டுவைக்க முடியாது.

டயோடுக்கு ஒரு விலையும் உண்டு. சுமார் 0.6 வோல்ட்டில் அது கடத்த ஆரம்பிக்கும். நீளக் கம்பியில் உள்ளூர் மத்திய அலை நிலையம் பலமாக வந்தால், அந்த அழுத்தத்திலேயே டயோடு அரைகுறையாகக் கடத்தி, இல்லாத நிலையங்களை உருவாக்கும். நான் ஒரு ஜோடி போட்ட புதிதில், சிற்றலையில் சம்பந்தமே இல்லாத இடத்தில் சென்னை நிலையத்தின் நாதஸ்வரம் மெல்லிசாகக் கேட்டது. ஆகா, சென்னை சிற்றலையில் வருகிறதே என்று அரை மணி நேரம் ஏமாந்தேன். ஒவ்வொரு திசையிலும் ஒன்றுக்குப் பதில் இரண்டு டயோடுகளைத் தொடராகப் போட்டதும் ஆவி மறைந்தது. கூடவே ஆன்டெனாவிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 100 கிலோஓம் மின்தடை. தேங்குகிற மின்னூட்டம் அதன் வழியே கசிந்துவிடும். இந்த வடிவத்தில் இந்த மாற்றத்துக்கு என் ஓட்டு உண்டு. நாலு டயோடு, ஒரு மின்தடை, எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம்.

ஃபில்டர்

பட்டியலின் நட்சத்திரம் ஃபில்டர்தான். எதற்காக என்று பார்ப்போம். பெட்டி வருகிற அலையை முதலில் 55.845 மெகாஹெர்ட்ஸுக்கும் பிறகு 455 கிலோஹெர்ட்ஸுக்கும் மாற்றுகிறது. அந்த 455-ல் உட்கார்ந்திருக்கும் செராமிக் ஃபில்டர்தான் பக்கத்து நிலையத்தை வெளியே நிறுத்தும் வாட்ச்மேன். அகலம், குறுக்கம் என்று இரண்டு. இவை போதுமான அளவு கறாராக இல்லை, கறாரான ஃபில்டர் போடுங்கள் என்பது அறிவுரை.

அந்த அறிவுரை எழுதப்பட்ட காலத்தை நினைத்துப் பாருங்கள். பனிப்போர். சிற்றலை ஒலிபரப்பு நிலையங்கள் 5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நிற்கவேண்டும். அன்றைக்கு இரவில் 31 மீட்டர் பேண்டைத் திறந்தால் திருவிழாக் கூட்டம். சோவியத் நாடு மேற்கத்திய ஒலிபரப்புகளை மறிக்க வேண்டுமென்றே இரைச்சலைப் பரப்பிக்கொண்டிருந்தது. ஒரு பெரிய நிலையத்துக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன நிலையத்தைப் பிரித்துக் கேட்பதுதான் அன்றைய சவால். அதற்குக் கறாரான ஃபில்டர் சரியான ஆயுதம்.

இன்றைக்கு? ரேடியோ நெதர்லாண்ட்ஸ் 2012-ல் போயிற்று. ரேடியோ கனடாவின் சிற்றலையும் அதே வருஷம். ரேடியோ ஆஸ்திரேலியா 2017 ஜனவரியில். அதே 31 மீட்டரில் இப்போது சீன வானொலி கம்பீரமாக நிற்கிறது, மற்ற இடங்களில் நடந்து போகலாம், தோளில் இடிக்காது. கூட்டம் கலைந்த தேரடியில் தடுப்புக் கட்டையை இன்னும் பலமாகக் கட்டுவது போலத்தான் இன்றைக்கு ஃபில்டரை மாற்றுவது. மிச்சம் இருக்கிற இடிப்புக்கு, ஏற்கெனவே பெட்டியில் இருக்கும் ஒத்திசைவு டிடெக்டரில் மறுபக்கப் பட்டைக்கு மாறினாலே பெரும்பாலும் போதும்.

நான் வாங்கிய பெட்டியில், முன்பு வைத்திருந்தவர் குறுகல் ஃபில்டரை மாற்றியிருந்தார். எனக்கு அது தெரியாது. தெரிந்தது இவ்வளவுதான்: மேல் பக்கப்பட்டையில் குரல் தெளிவாகவும், கீழ் பக்கப்பட்டையில் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போலவும் கேட்டது. சில வாரம் டிடெக்டரைச் சந்தேகப்பட்டேன். பிறகுதான் பிடிபட்டது. செராமிக் ஃபில்டரின் மையம் எல்லாவற்றிலும் துல்லியமாக 455-ல் இருக்காது. ஒரு கிலோஹெர்ட்ஸ் இப்படி அப்படி இருக்கும். அவர் போட்டது நகர்ந்து நின்ற ஒன்று. ஒரு பக்கப்பட்டைக்கு வாசல் திறந்தும் மறுபக்கத்துக்குப் பாதி சாத்தியும் இருந்தது. தவிர இந்த வகை ஃபில்டர்களுக்கு இரண்டு முனையிலும் 1.5 அல்லது 2 கிலோஓம் மாதிரி குறிப்பிட்ட தடை தெரியவேண்டும். அது பொருந்தாவிட்டால் வாசலின் மேல்தளம் மேடும் பள்ளமுமாகிவிடும். அவர் அதையும் பார்க்கவில்லை. கறாரான ஃபில்டர்தான் போட்டிருந்தார், பெட்டி முன்னைவிட மோசமாகிவிட்டது.

அதோடு விட்டேனா? இல்லை. அவர் செய்த தப்பைச் சரிசெய்த கையோடு, பட்டியலில் இருக்கிறதே என்று அகல ஃபில்டரையும் மாற்றப் போனேன். 2016 டிசம்பர். இரும்பு கொஞ்சம் அதிகச் சூடு, கை கொஞ்சம் அதிக அவசரம். ஃபில்டரோடு சேர்ந்து போர்டின் செம்புத் தாளும் உரிந்து வந்தது. முப்பது வருஷப் பழைய போர்டில் செம்பைப் பிடித்திருக்கும் பசை காய்ந்து போயிருக்கும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவேண்டிய விஷயம். தப்பு முழுக்க என்னுடையது. பெட்டி ஊமையானது. டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டேன்.

கெப்பாசிட்டரும் பெருக்கியும்

மற்ற இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழைய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களை மொத்தமாக மாற்று என்பது ஒரு கட்சி. வயதானவை கசியும், காயும், உண்மைதான். ஆனால் நல்ல நிலையில் இருக்கும் முப்பது கெப்பாசிட்டர்களை எடுப்பதற்கு அறுபது இடத்தில் சூடு வைக்கவேண்டும். மேலே சொன்ன செம்புத் தாள் கதை அறுபது முறை நடக்க வாய்ப்பு. ஈஎஸ்ஆர் மீட்டர் வைத்து அளந்து, கெட்டதை மட்டும் எடுங்கள். என் பெட்டியில் மூன்றே மூன்றுதான் மாற்றினேன். ஸ்பீக்கரில் வந்துகொண்டிருந்த உறுமல் நின்றது.

ஆன்டெனாவுக்குப் பிறகு ஒரு பெருக்கி வைத்து உணர்திறனைக் கூட்டுவது இன்னொன்று. இதைத்தான் நான் முழுசாக மறுக்கிறேன். அதற்குக் காரணம் சொல்ல இரைச்சலைப் பற்றிப் பேசவேண்டும்.

அளந்து பார்க்காமல்

எங்கள் தொழிலில் புதுசாக வரும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கும் விஷயம் ஒன்று உண்டு. புரோகிராம் மெதுவாக ஓடுகிறது என்றால் உடனே கோடை மாற்ற ஆரம்பிக்காதே. முதலில் புரொஃபைல் பண்ணு, நேரம் எங்கே செலவாகிறது என்று அள. பத்தில் ஒன்பது முறை நீ சந்தேகப்பட்ட இடம் நிரபராதியாக இருக்கும். இருபது வருஷமாக இதைப் பிறருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிற நான், ரேடியோ விஷயத்தில் ஒருநாள்கூட அளக்கவில்லை.

அளப்பது சுலபம். எந்தச் சிற்றலைப் பெட்டியிலும் செய்யலாம். பகலில் 10 மெகாஹெர்ட்ஸ் பக்கம் நிலையம் இல்லாத ஓர் இடத்துக்குப் போங்கள். ஆன்டெனாவை முழுக்க மடக்கி இரைச்சலைக் கேளுங்கள். பிறகு முழுக்க இழுத்துக் கேளுங்கள். இழுத்தபோது இரைச்சல் தெளிவாகக் கூடினால், நீங்கள் கேட்கும் இரைச்சல் வெளியிலிருந்து வருகிறது. அப்படியென்றால் பெட்டியின் உணர்திறன் ஏற்கெனவே போதுமானது. பெருக்கி வைத்தால் நிலையத்தோடு இரைச்சலும் அதே அளவு பெருகும். இரண்டுக்கும் உள்ள விகிதம் மாறாது.

இதற்குக் கணக்கும் இருக்கிறது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.372 பரிந்துரையில், மனிதர்கள் உண்டாக்கும் ரேடியோ இரைச்சல் இடத்துக்கு இடம் எவ்வளவு என்று சூத்திரம் கொடுத்திருக்கிறார்கள். 10 மெகாஹெர்ட்ஸுக்குப் போட்டுப் பார்த்தேன். அமைதியான கிராமப்புறத்தில், அடிப்படை வெப்ப இரைச்சலை விட 25 டெசிபல் அதிகம். குடியிருப்புப் பகுதியில் சுமார் 45. நகரத்தில் சுமார் 49. கிராமத்துக்கும் குடியிருப்புக்கும் வித்தியாசம் 20 டெசிபல், அதாவது திறனில் நூறு மடங்கு. ஓரளவு நல்ல பெட்டி தன் பங்குக்குச் சேர்க்கும் இரைச்சல் இந்த 45-க்கு முன்னால் கடலில் கரைத்த பெருங்காயம். நூறு மடங்கு நஷ்டத்தை எந்தப் பெருக்கியும் திருப்பித் தராது. இன்னொன்றும் கவனிக்கவேண்டும். இந்த எண்களுக்கு ஆதாரமான அளவீடுகள் 1970-களைச் சேர்ந்தவை. அப்போது எல்இடி பல்பு கிடையாது, மொபைல் சார்ஜர் கிடையாது.

ஒரு விதிவிலக்கை ஒத்துக்கொள்ள வேண்டும். அமைதியான கிராமத்தில், ஆன்டெனாவை இழுத்தும் இரைச்சல் கூடவில்லை என்றால், அங்கே பெட்டிதான் குறை. அவர்கள் ஒரு நீளக் கம்பி கட்டினாலே பலன் தெரியும். பெருக்கியைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

என் வீட்டில் நடந்தது

2017 ஆகஸ்டில் பெட்டியை மறுபடி எடுத்தேன். உரிந்த தாளுக்குப் பதில் மெல்லிய கம்பி போட்டு இணைத்து, பழைய அகல ஃபில்டரையே திரும்ப வைத்தேன். பேசியது. இந்த முறை கழற்றுவதற்கு முன்னால் அளந்தேன்.

ஹாலில், பேட்டரியில், 10 மெகாஹெர்ட்ஸ் பக்கம் காலி இடத்தில் ஐந்து எல்இடி எரிந்தது. மெயின் ஸ்விட்சை அணைத்தேன். இரண்டாகக் குறைந்தது. மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனேன். ஒன்று, அதுவும் விட்டு விட்டு. அந்த எல்இடி வரிசை அளவீட்டுக் கருவி இல்லை, ஒரு விளக்குக்கு இத்தனை டெசிபல் என்று கணக்கு வைக்க முடியாது. ஆனால் காதுக்கு வித்தியாசம் தெரிய மீட்டர் எதற்கு? ஹாலில் இரைச்சலில் மூழ்கிக் கிடந்த சீனாவின் நேரக்குறிப்பு நிலையம், பிபிஎம், மாடியில் நொடிக்கு நொடி டிக் டிக் என்று தெளிவாகக் கேட்டது. ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை.

பிறகு வேட்டை. பேட்டரியில் ஓடும் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, மெயினை அணைத்து, ஒவ்வொரு சர்க்யூட்டாகத் திறந்தேன். முதல் குற்றவாளி ஃபால்ஸ் சீலிங்கில் இருந்த எல்இடி விளக்குகளின் டிரைவர்கள். இரண்டாவது, தண்ணீர் சுத்திகரிப்பானின் அடாப்டர். மூன்றாவது, நானே ரேடியோவுக்கென்று வாங்கிய 4.5 வோல்ட் ஸ்விட்சிங் அடாப்டர்! அன்றையிலிருந்து டி செல்தான். விளக்கு டிரைவர் இரண்டை மாற்றினேன். சுத்திகரிப்பான் அடாப்டரின் வயரை 31-ஆம் எண் கலவை ஃபெரைட் வளையத்தில் ஏழெட்டுச் சுற்று சுற்றினேன். ஒரே சுற்றோடு விட்டுவிடாதீர்கள். சுற்று இரட்டிப்பானால் இரைச்சலுக்கான தடை ஏறக்குறைய நாலு மடங்காகும்.

கடைசியாக, மாடியில் பத்து மீட்டர் கம்பி, அதற்குத் தனி எர்த், கீழே வரும் கேபிளுக்கு மேலேயே ஒரு சின்ன ஃபெரைட் டிரான்ஸ்ஃபார்மர். அதில் இரண்டு சுருளும் ஒன்றையொன்று தொடாமல் இருக்கவேண்டும். கம்பி பக்கம் வீட்டு எர்த்தோடு சம்பந்தப்படாமல் இருந்தால்தான் வீட்டு வயரிங்கின் இரைச்சல் கேபிளின் மேலோடு ஊர்ந்து ஆன்டெனாவுக்குப் போகாது. மழைக்காலத்தில் கம்பியைக் கழற்றிக் கீழே போட்டுவிடுவேன். இவ்வளவுக்கும் ஆன செலவு, நான் வாங்கி வீணாக்கிய ஃபில்டர்களை விடக் குறைவு.

மூலபாடம்

பட்டியலின் மேல் எனக்கு இன்னொரு புகார் உண்டு, அது தொழில்நுட்பப் புகார் இல்லை. எங்குமே 'எடுத்ததைப் பத்திரமாக வை, செய்ததை எழுதி வை' என்ற வரி இல்லை.

பழைய ஏடுகளைப் பதிப்பித்தவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று பாருங்கள். உ.வே. சாமிநாதையர் போன்றவர்கள் பல ஏடுகளை ஒப்பிட்டு ஒரு பாடத்தைத் தேர்ந்தாலும், மற்ற ஏடுகளில் இருந்த பாடபேதத்தைக் கீழே குறித்து வைத்தார்கள். அதனால் நாளைக்கு ஒருவர் 'இல்லை, அந்தப் பாடம்தான் சரி' என்று சொல்ல வழியிருக்கிறது. இதற்கு நேர்மாறானது, திருப்பணி என்ற பெயரில் கோயில் சுவரில் மணல் வீச்சு அடிப்பது. கல் பளபளக்கும், கல்வெட்டின் எழுத்து தேய்ந்துவிடும். இரண்டு பேருமே பழையதைச் சீராக்கத்தான் இறங்கினார்கள். ஒருவர் செய்ததைத் திருப்பிப் பார்க்கலாம், மற்றவர் செய்ததைப் பார்க்க முடியாது.

என் பெட்டியை முன்பு வைத்திருந்தவர் ஒரு துண்டுச் சீட்டில் 'குறுகல் ஃபில்டர் மாற்றப்பட்டது' என்று எழுதி உள்ளே வைத்திருந்தால் எனக்குப் பல வாரங்கள் மிச்சம். கமிட் மெசேஜ் இல்லாமல் கோடை மாற்றிவிட்டு வேலையை விட்டுப் போன ஆளை நாம் எப்படித் திட்டுவோம்? அதே திட்டை அவருக்கும் கொடுத்தேன். பிறகு யோசித்தால், டிசம்பர் வரைக்கும் நானும் எதையும் எழுதி வைக்கவில்லை. இப்போது டி செல் அறையின் மூடிக்குள் மடித்து ஒட்டிய ஒரு தாள் இருக்கிறது. என்ன மாற்றினேன், எந்தத் தேதியில், பழைய உதிரி எந்தக் கவரில், உரிந்த தாள் எங்கே, எல்லாம் அதில் இருக்கிறது.

இந்தப் பெட்டி ஒரு காலத்தின் ஆவணமும்கூட. 1985-ல் ஒரு வடிவமைப்பாளர் எதற்கு இடம் கொடுத்தார், எதை விட்டுக்கொடுத்தார் என்பது அந்த போர்டில் எழுதியிருக்கிறது. நாம் திருத்துவது தப்பில்லை. அழித்துத் திருத்தக்கூடாது.

கடைசியாக

திருத்துவதே ஒரு சந்தோஷம், பலன் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. எனக்கும் அந்தச் சந்தோஷம் தெரியும். அதைச் 'சந்தோஷம்' என்றே சொல்லிவிடுங்கள், 'முன்னேற்றம்' என்று சொல்லவேண்டாம். முன்னேற்றம் என்றால் முன்னும் பின்னும் அளந்திருக்கவேண்டும்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் கொடுத்த விலை ஃபில்டர் காசு மட்டும் இல்லை.

அப்பா பிபிசி தமிழோசை நேயர். இரவு ஒன்பதேகாலுக்கு அவருடைய சின்ன மூன்று பேண்ட் பெட்டியை ஜன்னல் கட்டையில் வைப்பார். வைப்பதற்கு முன்னால் ஒரு சடங்கு உண்டு. "டேய், அந்த டியூப் லைட்டை அணை. ஃபேன் ரெகுலேட்டரையும் ஆஃப் பண்ணு" என்பார். சின்ன வயசில் எங்களுக்கெல்லாம் எரிச்சலாக இருக்கும். வேர்க்க வேர்க்க இருட்டில் உட்கார்ந்து செய்தி கேட்கவேண்டும். ஏதோ பழைய காலத்து நம்பிக்கை என்று நினைத்தேன். பிஇ முடித்த பிறகும் அப்படித்தான் நினைத்தேன். டியூப் லைட் சோக்கும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரும் என்ன இரைச்சல் கொடுக்கும் என்று பாடத்தில் படித்தவன் நான். படிக்காமல் காதால் கண்டுபிடித்தவர் அவர்.

தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு நின்றது. 1941-ல் ஆரம்பித்து 76 வருஷம். அந்தக் கடைசி ஒலிபரப்பை அப்பாவோடு உட்கார்ந்து 2010-ல் கேட்கவேண்டும் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு 2010 அலமாரியில் ஊமையாகக் கிடந்தது. அப்பா வழக்கம் போல விளக்கையெல்லாம் அணைக்கச் சொல்லிவிட்டு, தன் சின்னப் பெட்டியை பால்கனியில் வைத்துக் கேட்டார். நன்றாகவே கேட்டது. நானும் பக்கத்தில் உட்கார்ந்துதான் இருந்தேன். முடிந்ததும், "உன் பெரிய ரேடியோ என்னடா ஆச்சு?" என்றார். ரிப்பேரில் இருக்கு என்றேன். அது கெட்டுப் போயிருக்கவில்லை, நான் திருத்தினேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

உங்களிடம் பழைய சிற்றலைப் பெட்டி ஏதாவது இருந்தால், எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சரி, வரிசை இதுதான். பேட்டரியில் போடுங்கள். மாடிக்குத் தூக்கிப் போய் ஒரு மணி நேரம் கேளுங்கள். கீழே வந்து மெயினை அணைத்துக் கேளுங்கள். இந்த மூன்றுக்கும் பிறகும் குறை தெரிந்தால், அந்தக் குறையை ஒரு வரியில் எழுதிவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுங்கள். எழுத முடியவில்லை என்றால் எடுக்காதீர்கள்.